கவர் எங்கே முடியுது, கடிதம் எங்கே தொடங்குது? நெட்வொர்க் பதிவுகளின் தலையெழுத்தை மாற்றும் ஒரு சின்ன எண்!

2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜெர்மனியில் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் மீது ஒரு கேள்வி எழுந்தது. தெருத்தெருவாகப் படம் எடுத்துக்கொண்டே போகும் இந்த கார்கள், வழியில் உள்ள வீடுகளின் வைஃபை விவரங்களையும் எடுக்கின்றனவா?

எடுக்கிறோம், ஆனால் வைஃபையின் பெயரையும் ரவுட்டரின் மேக் முகவரியையும் மட்டும்தான் என்றது கூகுள். ஆனால் மே 14-ம் தேதி நிலைமை தலைகீழானது. பாஸ்வேர்டு இல்லாத வைஃபைகளில் போய்க்கொண்டிருந்த தகவல்களும் தவறுதலாகப் பதிவாகிவிட்டன என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்டோபரில் இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. சில இடங்களில் முழு மின்னஞ்சல்களும் பாஸ்வேர்டுகளும்கூட அதில் சிக்கியிருந்தன.

கவரை மட்டும்தான் பார்த்தோம் என்றவர்கள் கையில் கடிதமும் இருந்தது. அது சரி, காற்றில் பறக்கும் தகவலில் கவர் எது, கடிதம் எது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

பாக்கெட் கேப்ச்சர் என்றால் என்ன?

நீங்கள் அனுப்பும் ஒரு போட்டோ அப்படியே ஒரே துண்டாகப் போவதில்லை. சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் போகும். அந்த பாக்கெட்டுகளை வழியிலேயே ஒரு பிரதி எடுத்து ஃபைலாகச் சேமிப்பதுதான் பாக்கெட் கேப்ச்சர். இன்டர்நெட் ஏன் ஸ்லோவாக இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் ஏதாவது வைரஸ் வெளியே பேசுகிறதா என்பதையெல்லாம் பொறியாளர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். சைபர் குற்ற விசாரணைகளிலும் இது முக்கியமான ஆதாரம்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1980-களின் இறுதியில் உருவான டிசிபிடம்ப் இந்த வேலைக்குப் பேர்போன மென்பொருள். 1998-ல் ஜெரால்டு கோம்ப்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-ல் வயர்ஷார்க் என்று பெயர் மாறியது இன்னொன்று. இவை பயன்படுத்தும் ஃபைல் வகைக்குப் பெயர் பிகேப்.

கவரில் என்ன எழுதியிருக்கும்?

ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஒரு முகவரிப் பகுதி இருக்கும். இதுதான் லிங்க் லேயர் ஹெட்டர். நம்ம பாஷையில் சொன்னால் தபால் கவர்.

கேபிள் வழியாக வரும் ஈதர்நெட் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கவர் 14 பைட். முதல் 6 பைட் பெறுபவரின் மேக் முகவரி, அடுத்த 6 பைட் அனுப்புபவரின் மேக் முகவரி. கடைசி 2 பைட், உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும். 0800 என்று இருந்தால் ஐபிவி4, 0806 என்றால் ஏஆர்பி. பதினைந்தாவது பைட்டில் கடிதம் தொடங்கும்.

ஆனால் எல்லா கவரும் 14 பைட் இல்லை. வைஃபைக்கு ஒரு அளவு, ப்ளூடூத்துக்கு இன்னொன்று, காருக்குள் ஓடும் கேன் நெட்வொர்க்குக்கு வேறொன்று. ஃபைலைத் திறக்கும் மென்பொருளுக்கு எது எந்த கவர் என்று எப்படித் தெரியும்?

அந்த ஒரு எண்

பிகேப் ஃபைலின் முதல் 24 பைட், ஃபைலைப் பற்றிய குறிப்பு. அதன் கடைசிப் பகுதியில் ஒரு எண் இருக்கும். அதற்குப் பெயர் லிங்க்டைப். சில எடுத்துக்காட்டுகள்:

* 0 - பிஎஸ்டி வகை லூப்பேக் (கம்ப்யூட்டர் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் பாக்கெட்)
* 1 - ஈதர்நெட்
* 101 - கவரே இல்லாத வெறும் ஐபி பாக்கெட்
* 105 - வைஃபை
* 127 - வைஃபையோடு ரேடியோ விவரமும் சேர்ந்தது
* 227 - கேன்

இந்த எண் தப்பானால் என்ன ஆகும்? பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஃபைலில் ஒரு எழுத்துகூட கெட்டுப்போகவில்லை. எப்படிப் படிக்கணும் என்ற தகவல்தான் இல்லை. இங்கேயும் அதே கதைதான்.

லூப்பேக் பாக்கெட்டின் கவர் வெறும் 4 பைட். அந்த ஃபைலில் 0-க்கு பதிலாக 1 என்று இருந்தால், மென்பொருள் அதை ஈதர்நெட் என்று நம்பி 14 பைட்டை கவராக எடுத்துக்கொள்ளும். ஆக, கடிதத்தின் முதல் 10 பைட் கவருக்குள் போய்விடும். பாக்கெட்டின் நீளம், அடையாள எண் எல்லாம் சேர்ந்து, உலகத்தில் இல்லாத ஒரு மேக் முகவரியாகத் திரையில் தெரியும். பாக்கெட்டின் ஆயுளைக் குறிக்கும் 64 (பதினாறடிமான முறையில் 40), டிசிபி-யைக் குறிக்கும் 6, இரண்டும் ஒட்டிக்கொண்டு 4006 என்று ஒரு 'வகை' ஆகிவிடும். அப்படி ஒரு பாக்கெட்டை யாரும் அனுப்பவே இல்லை!

இதில் ஆபத்து என்னவென்றால், மென்பொருள் எப்போதும் எரர் காட்டும் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு முகவரியை நம்பிக்கையாகவே காட்டும். இது விசாரணை ஆதாரமாக இருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

எண் மட்டும் போதுமா?

போதாது. எண்ணுக்குப் பின்னால் தெளிவான வரையறை வேண்டும். எந்த பைட்டில் என்ன, எத்தனை பைட், எந்த வரிசையில் என்று எழுதியிருக்க வேண்டும்.

அந்த 4 பைட் லூப்பேக் கவரே இதற்கு நல்ல பாடம். அதில் ஒரே ஒரு எண்தான் இருக்கும். ஆனால் அதன் பைட் வரிசை, பதிவு செய்த கம்ப்யூட்டரைப் பொறுத்து மாறும். ஐபிவி6 பாக்கெட் என்றால் இன்னும் குழப்பம். ஓப்பன்பிஎஸ்டி-யில் 24, ஃப்ரீபிஎஸ்டி-யில் 28, ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் 30. படிக்கும் மென்பொருள் மூன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பைட் வரிசைக் குழப்பம் இல்லாத இன்னொரு லூப்பேக் வகைக்கு 108 என்று தனி எண் உண்டு.

வரையறையில் இடம் இல்லாத தகவல், ஃபைலிலும் இருக்காது. லினக்ஸில் எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால் 113 என்ற வகை வரும். அதன் 16 பைட் கவரில் அனுப்புபவரின் முகவரிக்கு மட்டும்தான் இடம். பெறுபவரின் மேக் முகவரி கிடையாது. எந்த இணைப்பு வழியாக வந்தது என்பதும் இல்லை. பின்னால் வந்த 276-ல், 20 பைட்டாக விரித்து, இணைப்பின் எண்ணையும் சேர்த்தார்கள். ஆனால் பழைய ஃபைலில் விட்டுப்போனது போனதுதான். திரும்ப எடுக்க வழியில்லை.

இன்னொரு விஷயம். ஃபைலில் இருக்கும் கவர் எல்லாமே நெட்வொர்க்கில் வந்ததும் இல்லை. 127 வகையில் சிக்னல் எவ்வளவு, எந்த சேனல் என்ற விவரம் இருக்கும். இது காற்றில் வரவே இல்லை. பதிவு செய்யும் கருவியே எழுதி ஒட்டியது. தபால் ஆபீஸில் குத்தும் முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை யார் கொடுக்கிறார்கள்?

டிசிபிடம்ப் குழுவினர் ஒரு பொதுப் பட்டியலை வைத்திருக்கிறார்கள். புதுக் கருவி செய்பவர்கள் தங்கள் ஹெட்டரின் வரையறையைச் சொல்லி எண் கேட்கலாம். எண் கொடுத்துவிட்டால், அதன் பொருளை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. வடிவம் மாறினால் புது எண். 113 இருக்கும்போதே 276 வந்தது இதனால்தான்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு? ஆரம்பத்தில் ஒவ்வொரு இயங்குதளமும் உள்ளுக்குள் தனக்கென ஒரு எண் வைத்திருந்தது. வெறும் ஐபி பாக்கெட்டுக்குப் பல இடங்களில் 12, ஓப்பன்பிஎஸ்டி-யில் 14. ஒரு கம்ப்யூட்டரில் எடுத்த ஃபைல் இன்னொன்றில் தப்பாகத் திறக்கும். அதனால்தான் ஃபைலில் எழுத மட்டும் 101 என்று பொது எண் வந்தது.

சொந்த உபயோகத்துக்காக 147 முதல் 162 வரை 16 எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஃபைலை வெளியே கொடுத்தால், அதே எண்ணை வேறு ஒருவர் வேறு அர்த்தத்தில் வைத்திருக்கலாம். வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பெயரை ரேஷன் கார்டில் எழுத முடியாது இல்லையா?

ஸ்ட்ரீட் வியூ விவகாரம் என்ன ஆனது?

மறுபடி 2010-க்கு வருவோம். கூகுளே ஏற்பாடு செய்த வெளி நிறுவனத்தின் ஆய்வறிக்கை, அந்த மென்பொருள் வேலை செய்த விதத்தைச் சொன்னது. பாஸ்வேர்டு உள்ள வைஃபை என்றால் உள்ளடக்கத்தை வீசிவிட்டு ஹெட்டரை மட்டும் வைத்துக்கொண்டது. பாஸ்வேர்டு இல்லாத வைஃபை என்றால் இரண்டையும் சேமித்தது.

அதாவது கவர் எங்கே முடிகிறது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாமல் இல்லை. வைஃபை ஹெட்டரின் வரையறை ஊரறிந்தது. கோடு தெளிவாக இருந்தது. கோட்டைத் தாண்டியதை வீசாமல் வைத்துக்கொண்டதுதான் பிரச்சினை.

பிரான்ஸின் தனியுரிமை ஆணையமான சிஎன்ஐஎல் அந்தப் பதிவுகளை வாங்கி ஆராய்ந்தது. 2011 மார்ச்சில் 1 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2013-ல் அமெரிக்காவின் 38 மாகாணங்கள் மற்றும் வாஷிங்டன் டிசி-யுடன் 70 லட்சம் டாலருக்கு கூகுள் சமரசம் செய்துகொண்டது. ஒரு நிறுவனம் எடுத்த பதிவை வெளியாட்கள் பிரித்துப் படிக்க முடிந்ததால்தான் உள்ளே இருந்தது என்ன என்பதே உலகுக்குத் தெரிந்தது.

நாம் என்ன செய்யணும்?

வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்டு கட்டாயம் வையுங்கள். பாஸ்வேர்டு இருந்தால் கடிதம் பூட்டப்படும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கவர் பூட்டப்படாது. உங்கள் ரவுட்டரின் மேக் முகவரியை, பக்கத்தில் நிற்கும் எந்தக் கருவியும் அப்போதும் படிக்கலாம். கவர் என்பதே வெளியே தெரிவதற்காக எழுதப்படுவதுதானே.

அடுத்த முறை ஏதாவது நிறுவனம், நாங்கள் மெட்டாடேட்டா மட்டும்தான் எடுக்கிறோம் என்று சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த மெட்டாடேட்டா எந்த பைட்டோடு முடிகிறது? அதற்கு அப்புறம் வந்ததை என்ன செய்தீர்கள்?