சாபம் நீங்கிய பாட்டு

'கிரஞ்ச்' என்பது 1980களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான, கரகரத்த கிதார் ஒலி கொண்ட ராக் இசை. அவ்வகையில் புகழ்பெற்ற 'பேர்ல் ஜாம்' குழுவின் முதல் இசைத்தொகுப்பு 'டென்' 1991 ஆகஸ்டில் வெளிவந்தது. அதிலுள்ள 'அலைவ்' பாட்டை ரசிகர்கள் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்.

தந்தை என்று தாம் நினைத்திருந்தவர் தாயின் மறுமணக் கணவரே என்பதையும், பெற்ற தந்தை இறந்துவிட்டதையும் பாடகர் எடி வெட்டர் பதின்வயதில்தான் அறிந்தார். அந்த வேதனையில், உயிரோடிருப்பதையே சாபமாகக் கருதி இப்பாட்டை எழுதினார். ஆனால் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் துள்ளிக் குதித்துக் கூடவே பாட, அது வாழ்வின் கொண்டாட்டமாயிற்று. பொருளை மாற்றிச் சாபத்தை நீக்கியவர்கள் ரசிகர்களே என்று 2006இல் அவரே சொன்னார்.

பிள்ளைகள் கேட்கும் பாட்டை இரைச்சல் என்று ஒதுக்குமுன், அது எதைப் பற்றியது என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே!