காலுக்கு என்ன விலை?

மாட்டுச் சந்தையின் கேள்விகளும் கபடி ஏலத்தின் கணக்கும்

விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கிறது அவலூர்பேட்டை. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால், சுற்று வட்டாரத்துக் குடியானவர்களுக்கு இதன் வாரச் சந்தை நன்றாகத் தெரியும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாடு என்றால்? பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும்!

உழவு மாடு வாங்க வருகிறவர் முதலில் அதன் வாயைத்தான் திறப்பார். 2 பல்லா, 4 பல்லா, கடை முளைத்துவிட்டதா என்று எண்ணுவார். அது வயசுக் கணக்கு. அடுத்து, மாட்டைக் கொஞ்ச தூரம் நடத்திப் பார்ப்பார். கால் தாங்குகிறதா? குளம்பு தேய்ந்திருக்கிறதா? அது உடம்புக் கணக்கு. பிறகு ஒரு கேள்வி கேட்பார்: "வலத்து மாடா, இடத்து மாடா? இத்தனை நாள் எந்த மாட்டோடு ஜோடி போட்டு ஓட்டினீர்கள்?" அது கூட்டாளிக் கணக்கு.

சிலர் சுழியும் பார்ப்பார்கள். நல்ல சுழி இருந்தால் விலை ஏறும். ஆனால், சுழியா ஏர் இழுக்கப் போகிறது?

கடைசியில்தான் விலை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

மும்பையில் ஒரு சந்தை

இதே மூன்று கணக்கையும் பார்க்க வேண்டிய இன்னொரு சந்தை மும்பையில் கூடுகிறது. அங்கே துண்டு இல்லை, மூடுமந்திரம் இல்லை. பெரிய மண்டபத்தில் மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டு, நாடே பார்க்க ஏலம் கேட்கிறார்கள். அங்கே விலை போவது கபடி வீரர்களின் காலும் மூச்சும்!

கபடி நமக்குப் புதிதல்ல. சடுகுடு என்று சொன்னால் பாட்டிக்கும் தெரியும். பொங்கல் வந்தால் ஊர்ப் பொட்டலில் கோடு கிழித்து ஆடுகிற ஆட்டம்தான். அந்த ஆட்டம் 2014-ம் ஆண்டு 'புரோ கபடி லீக்' என்ற பெயரில் பெரிய அரங்குகளுக்குள் நுழைந்தது. முதலில் 8 அணிகள். 2017-ம் ஆண்டு அது 12 ஆயிற்று. நம்முடைய 'தமிழ் தலைவாஸ்' அணி வந்தது அப்போதுதான்.

ஒரு வீரரைப் பழைய அணி தக்கவைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டால், அவர் ஏலத்துக்கு வருவார். எந்த அணியும் கேட்கலாம். 2025-ம் ஆண்டு ஏலத்தில் ஓர் அணி வீரர்களுக்காகச் செலவழிக்கக் கூடிய தொகை மொத்தம் 5 கோடி ரூபாய். முதல் பிரிவு வீரருக்கு ஏலம் 30 லட்ச ரூபாயில் தொடங்கும். கடைசிப் பிரிவுக்கு 9 லட்ச ரூபாயில் தொடங்கும்.

பெரிய விலை பெரும்பாலும் யாருக்குக் கிடைக்கிறது? பாடிப் போகிற வீரருக்குத்தான். 'ரைடர்' என்று இவரைச் சொல்கிறார்கள். எதிரிகள் 7 பேர் நிற்கிற இடத்துக்குள் இவர் தனியாகப் புக வேண்டும். 30 வினாடிக்குள் ஒருவரையாவது தொட வேண்டும். பிடிபடாமல் திரும்ப வேண்டும். கைதட்டல் எல்லாம் இவருக்குத்தான். பணமும் இவருக்குத்தான்!

பத்தே நிமிடம்!

2022-ம் ஆண்டு ஏலத்தில் பவன் செராவத் என்ற ரைடரின் பெயர் வந்தது. சாதாரண ஆள் அல்ல. 2018-ம் ஆண்டு பெங்களூர் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2019-ம் ஆண்டு அரியானா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்தவர். அந்த ஆண்டு பாடிப் போய் அவர் சேர்த்த புள்ளிகள் 346.

ஏலம் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு கோடி தாண்டியது. இரண்டு கோடி தாண்டியது. கடைசியில் 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு அவரை எடுத்தது தமிழ் தலைவாஸ். அதுவரை கபடியில் யாருக்கும் கிடைக்காத விலை அது. அணியின் கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது.

2022 அக்டோபர் 8-ந் தேதி பெங்களூரில் முதல் ஆட்டம். எதிர் அணி குஜராத். அந்த அணியின் தலைவர் நம் தமிழ்நாட்டு வீரர் சந்திரன் ரஞ்சித். பாடி வந்த அவரைப் பிடிக்கப் பாய்ந்தார் பவன். முழங்கால் மடங்கியது. தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவரால் மீண்டும் ஆட முடியவில்லை.

தமிழ் தலைவாஸ் தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததோ வேறு!

அணியில் நரேந்தர் என்று ஒரு பையன் இருந்தார். புது இளம் வீரர்கள் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டவர். அவருக்காகக் கோடிக் கணக்கில் யாரும் குரல் கொடுக்கவில்லை. அவர் பாடப் போனார். அந்த ஆண்டு 243 புள்ளிகள் சேர்த்துக் கொடுத்தார். தமிழ் தலைவாஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாக அரை இறுதிக்குப் போயிற்று!

பவனை வாங்கியது தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. அடி படுவது யார் கையிலும் இல்லை. ஆனால், ஒரு முழங்காலை நம்பிப் பாதிப் பணத்தைக் கட்டுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது அன்று தெரிந்தது.

பல் கணக்கு

பர்தீப் நர்வால் கதையைக் கேளுங்கள். 2017-ம் ஆண்டு பாட்னா அணிக்காக ஆடிய இவர் 369 புள்ளி குவித்தார். அப்போது வயது 20. பாட்னா அணி தொடர்ந்து மூன்று தடவை கோப்பை வென்றதில் இவருக்குப் பெரிய பங்கு. குனிந்து, எதிரிகளின் கைக்கு அடியில் புகுந்து, அப்படியே கோட்டைத் தொட்டுவிடுவார்.

2021-ம் ஆண்டு ஏலத்தில் உத்தரப் பிரதேச அணி இவருக்குக் கொடுத்த விலை 1 கோடியே 65 லட்ச ரூபாய். அன்றைய தேதியில் அதுதான் உச்ச விலை. ஆனால், அந்த ஆண்டு 200 புள்ளியைக்கூட இவர் எட்டவில்லை. 2024-ம் ஆண்டு விலை 70 லட்சம் ஆயிற்று. 2025-ம் ஆண்டு ஏலத்தில் பெயரைப் படித்தார்கள். எந்த மேஜையிலிருந்தும் குரல் வரவில்லை! சில நாளில் ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். லீக்கில் அவர் சேர்த்த மொத்தப் புள்ளிகள் 1,801. அதுவரை எந்த ரைடரும் அவ்வளவு எடுத்ததில்லை. வயது 28தான்.

28 வயது கிழவனா? அலுவலகத்தில் அது ஆரம்ப வயது. ஆனால், ரைடரின் வயதைப் பிறந்த தேதியை வைத்து எண்ணக் கூடாது. எத்தனை தடவை பாடிப் போனார், எத்தனை தடவை ஐந்தாறு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள் என்று எண்ண வேண்டும்.

பிடிக்கிறவர் கதை வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்து வீரர் தர்மராஜ் சேரலாதன் 1975-ம் ஆண்டு பிறந்தவர். 41-வது வயதில், 2016-ம் ஆண்டு, பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார். அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு ஆடினார். பிடிக்கிறவருக்கு அனுபவம் கைகொடுக்கும். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பாடுகிறவருக்கோ கால் ஒரு நொடி பிந்தினால் போயிற்று.

புள்ளியில் இரண்டு ஜாதி

புள்ளிக் கணக்கிலும் சூட்சுமம் உண்டு. எதிரியைத் தொட்டு ஒரு புள்ளி எடுத்தால், அந்த எதிரி வெளியே போவார். நம் ஆட்களில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளே வருவார். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தும் ஒரு புள்ளி எடுக்கலாம். ஆனால், எதிரியும் போகமாட்டார். நம் ஆளும் வரமாட்டார். எதிரணியில் 6 பேராவது நின்றால்தான் அந்தப் புள்ளியும் கிடைக்கும்.

ஆகவே, இருவர் ஆளுக்கு 150 புள்ளி எடுத்தால் இருவரும் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. எத்தனை தொட்ட புள்ளி, எத்தனை போனஸ் புள்ளி? இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது தடவை புள்ளி எடுத்தே ஆகவேண்டும்; இல்லையென்றால் பாடியவர் வெளியே போக வேண்டும். அந்த நெருக்கடியில் அவர் என்ன செய்தார்? 150 புள்ளிக்கு எத்தனை தடவை பாடப் போனார்? இவை அத்தனையும் கேட்க வேண்டிய கேள்விகள். மொத்தப் புள்ளி மட்டும் பார்த்து விலை சொல்வது, சுழி பார்த்து மாடு வாங்குவது போலத்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்காவில் அவர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. பெயர்தான் கால்பந்து. உதைப்பது கொஞ்சம், பந்தைக் கையில் பிடித்து ஆடுவதுதான் அதிகம். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளின் நடுவே புகுந்து ஓடுகிறவருக்கு 'ரன்னிங் பேக்' என்று பெயர். நம் ரைடருக்குத் தம்பி என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம்: இவர் தனியாகப் போவதில்லை. எதிரிகளை முட்டித் தள்ளி வழி உண்டாக்க முன்னால் ஐந்து மல்லர்கள் இருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் இவரும் சந்தைக்கு வருவார்.

2014-ம் ஆண்டு டாலஸ் அணிக்காக டிமார்க்கோ மர்ரே 1,845 கஜம் ஓடினார். அந்த ஆண்டு அவ்வளவு தூரம் வேறு யாரும் ஓடவில்லை. பந்தோடு 392 தடவை எதிரிகள்மீது மோதியிருந்தார். பிலடெல்பியா அணி பெரும் பணம் கொடுத்து அவரை இழுத்துக்கொண்டது. 2015-ல் அவர் ஓடியது 702 கஜம்! டாலஸ் அணியின் மல்லர்கள் டாலசிலேயே இருந்துவிட்டார்களே! அடுத்த ஆண்டு டென்னசி அணிக்குப் போனார். மறுபடியும் 1,287 கஜம் ஓடினார். அதே ஆள், அதே கால். இடம்தான் வேறு.

இதற்கு நேர்மாறும் நடந்தது. நியூயார்க் அணியில் 2023-ம் ஆண்டு 962 கஜம் ஓடிய சேக்வான் பார்க்லியை, 2024-ம் ஆண்டு அதே பிலடெல்பியா வாங்கியது. வயது 27; இனி என்ன ஓடுவார் என்றார்கள். ஆனால், இப்போது பிலடெல்பியாவில் மல்லர்கள் பலசாலிகள். அந்த ஆண்டு அவர் ஓடியது 2,005 கஜம். அணிக்குக் கோப்பையும் கிடைத்தது.

ஜோடி கணக்கு

நம் ஊர்க் கபடியில் இந்தப் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. 2019-ம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூர் இருந்தார். ராகுல் சவுத்ரியை 94 லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். பிடிப்பதற்கு மஞ்சீத் சில்லார் இருந்தார். மூன்றும் பெரிய பெயர்கள். முடிவு? 12 அணிகளில் 12-வது இடம்!

முழங்கால் குணமாகி 2023-ம் ஆண்டு ஏலத்துக்கு வந்த பவனை, தெலுங்கு அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. அவர் புள்ளி எடுக்கத்தான் செய்தார். ஆனால், அணி 22 ஆட்டத்தில் 2 ஆட்டம்தான் ஜெயித்தது. கடைசி இடம்!

காரணம் என்ன? ரைடர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். வேறொருவர் புள்ளி எடுத்தால்தான் உள்ளே வர முடியும். இரண்டாவது ரைடர் சரியில்லை என்றால், 2 கோடி ரூபாய் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்! சிலர் வலப்பக்கம் புகுந்து பழகியவர்கள், சிலர் இடப்பக்கம். ஒரே பக்கத்து ஆட்கள் இருவரைச் சேர்த்தால் எதிரிக்குக் கொண்டாட்டம். வலத்து மாடா, இடத்து மாடா என்று சந்தையில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை விடப் பெரிய கேள்வி கபடி ஏலத்திலும் கிடையாது.

2025-ம் ஆண்டு ஏலத்தில் பவன் மறுபடியும் தமிழ் தலைவாஸ் அணிக்கே வந்தார். இந்தத் தடவை விலை 59 லட்சத்து 50 ஆயிரம். இரண்டே ஆண்டில் விலை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

பையன்களுக்கு ஒரு சொல்

இன்றைக்குக் கிராமத்துப் பொட்டலில் பாடிப் போகிற பையனுக்கும் இந்த விலைகள் மனப்பாடம். அவன் படிப்பை விடுகிறான். தகப்பனாரும், "ஆடட்டும், கோடி வரும்" என்கிறார். ஒரு கோடிக்கு மேல் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கும் அந்த விலை நாலைந்து ஆண்டுதான். முழங்கால் மடங்கினால் அதுவும் இல்லை.

முன்பெல்லாம் கபடி வீரர்கள் ஏலத்தை நம்பவில்லை. ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலை தேடிக்கொண்டார்கள். அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. ஏலத் தொகை அந்த ஆண்டோடு சரி. சம்பளமோ, கால் ஓய்ந்த பிறகும் மாதம் பிறந்தால் வரும்.

வாங்குகிறவர் மூன்று கணக்குப் பார்க்கட்டும். விலை போகிறவர் நாலாவதாக ஒரு கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது: "இந்தக் காலுக்கு அப்புறம் என்ன?"