கூடும் உயிரும்

நுழையும்முன்

இதயத்திற்கு முடுக்கி, செவிக்குக் கருவி, இழந்த காலுக்குச் செயற்கைக் கால் என மனிதன் தன் உடலோடு இயந்திரத்தை இணைத்துக்கொண்டே வருகிறான். இவ்விணைப்பு எந்த எல்லைவரை சென்றால் அவன் மனிதன்? எந்த எல்லையைக் கடந்தால் அவன் இயந்திரம்? இவ்வினாவை உயிர்ப்பொருளாகக் கொண்டு ஜப்பானியச் சித்திரக்கதைகள் பல எழுந்துள்ளன. அவை படைத்துக்காட்டும் கற்பனை உலகின் வழியே ‘மனிதன்’ என்னும் சொல்லின் பொருளை ஆராய்கிறது இப்பாடம்.

இயந்திரச் சிறுவன்

ஜப்பானியர் சித்திரக்கதையை ‘மாங்கா’ என்பர். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கப்பெறும் இக்கதைகள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஓவியங்களாக இதழ்களில் தொடர்ந்து வெளிவந்து, பின்னர் நூல்வடிவம் பெறும். சிறுவர், இளைஞர், முதியவர் என அனைவருக்கும் உரிய மாங்காக்கள் ஜப்பானில் உண்டு.

மருத்துவம் பயின்றவரான ஒசாமு தெசுகா, 1952ஆம் ஆண்டு ஓர் இயந்திரச் சிறுவனின் கதையைத் தொடராக வரையத் தொடங்கினார். உலகம் அக்கதையை ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறியும். விபத்தில் மகனைப் பறிகொடுத்த அறிவியலாளர் தென்மா, மகனின் உருவிலேயே ஓர் இயந்திரத்தைப் படைக்கிறார். அச்சிறுவன் அன்பும் அறிவும் உடையவனாக இருக்கிறான். ஆயினும், அவன் உடல் வளரவில்லை என்பதைக் கண்டதும் தென்மா சினங்கொண்டு அவனை வித்தைக் கூடாரத்திற்கு விற்றுவிடுகிறார். மனித உடல் படைத்த தந்தை இரக்கமின்றி நடக்க, இயந்திரமோ பிறர் துயர் கண்டு வருந்துகிறது.

1970ஆம் ஆண்டு தொடங்கிய மற்றொரு கதையில் தெசுகா இவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார். ‘ஃபீனிக்ஸ்’ என்னும் அவரது பெருந்தொடரின் ஒரு பகுதி அது. விபத்தில் இறந்த லியோனா என்னும் இளைஞன், செயற்கை மூளையின் உதவியால் உயிர்பெற்று எழுகிறான். அதன்பின் அவன் கண்களுக்கு மனிதர்கள் உருவற்ற மண்கட்டிகளாகத் தோன்றுகின்றனர். சிஹிரோ என்னும் இயந்திரமோ அழகிய பெண்ணாகத் தோன்றுகிறது. உயிருள்ளது, உயிரற்றது என்னும் பகுப்பு காணும் பொருளில் மட்டுமன்றிக் காண்பவரின் மனத்திலும் இருக்கிறது என்பதை இக்கதை உணர்த்துகிறது.

சைபர்பங்க் என்னும் வகைமை

1980களில் கணினியும் வலைப்பின்னலும் மக்கள் வாழ்வில் நுழையத் தொடங்கின. அக்காலத்தில் அறிவியல் புனைகதையில் ‘சைபர்பங்க்’ என்னும் வகைமை தோன்றியது. தொழில்நுட்பம் உச்சத்தை எட்டிய நகரங்களில் மக்களின் வாழ்வு மட்டும் தாழ்ந்து கிடப்பதை இவ்வகைக் கதைகள் சித்திரிக்கும். வானுயர்ந்த கட்டடங்களின் அடியில் வறுமையும் குற்றமும் மண்டிக்கிடக்கும். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் கிப்சன் 1984இல் வெளியிட்ட ‘நியூரோமான்சர்’ என்னும் புதினம் இவ்வகைமையின் முதன்மைப் படைப்பாகப் போற்றப்படுகிறது. ஜப்பானில் கத்சுஹிரோ ஒட்டோமோ 1982இல் தொடங்கிய ‘அகிரா’ இவ்வகை மாங்காவிற்கு வழியமைத்தது.

தெரிந்து தெளிவோம்

இயந்திரங்களிலும் உயிர்களிலும் நிகழும் கட்டுப்பாடு, செய்தித் தொடர்பு ஆகியவற்றை ஆராயும் துறைக்கு நார்பர்ட் வீனர் 1948இல் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘மாலுமி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். உயிருடலும் இயந்திரமும் இணைந்த வடிவத்தைக் குறிக்கும் ‘சைபோர்க்’ என்னும் சொல் 1960இல் உருவானது. விண்வெளியில் வாழ்வதற்கேற்ப மனித உடலை மாற்றுவது பற்றிய ஆய்வுக் கட்டுரையில் மான்ஃபிரட் கிளைன்ஸ், நேத்தன் கிளைன் ஆகிய இருவரும் இச்சொல்லைப் படைத்தனர்.

கூட்டுக்குள் உறைவது எது?

மசமுனே ஷிரோ என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர் 1989இல் தொடங்கிய மாங்கா ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ ஆகும். கூட்டுக்குள் உறையும் உயிர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். உடலைக் கூடு என்றும், உயிர் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்வதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றும் வழங்கும் தமிழ்மரபிற்கு இத்தலைப்பு அயலானதன்று.

கதை நிகழும் ஆண்டு 2029. மக்கள் பலர் தம் மூளையை நேரடியாக வலைப்பின்னலோடு இணைத்துக்கொண்டுள்ளனர். அரசின் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றும் மோட்டோகோ குசனாகி, மூளை நீங்கலாக ஏறத்தாழ முழு உடலும் செயற்கையாக அமைந்தவர். கையோ காலோ பழுதுபட்டால் மாற்றிக்கொள்வார். உடல் முழுவதும் சிதைந்தாலும் வேறோர் உடலில் வாழ்வார். எனவே, உடல்தான் மனிதன் என்னும் விடை இங்கே பொருந்தாது.

மூளையே மனிதன் என்று கூறலாமா? மோட்டோகோவிற்கு அதிலும் ஐயம் உண்டு. தாம் என்றோ இறந்துபோயிருக்கலாம், தம்முள் சிந்திப்பது செயற்கையாக அமைக்கப்பட்ட ஓர் ஆளுமையாக இருக்கலாம் என்று அவர் எண்ணுகிறார். இக்கதையைத் தழுவி மமோரு ஒஷி 1995இல் இயக்கிய அசைவூட்டத் திரைப்படம் இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. பணியிலிருந்து விலகினால் மோட்டோகோ தம் செயற்கை உடலையும் அதிலுள்ள நினைவுகளையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். உடலே பிறருடைய உடைமையானால் விடுதலை என்பதன் பொருள் என்ன?

நினைவும் களவுபோகும்

உடலும் மூளையும் மாறினாலும் நினைவு மாறாது. நினைவே மனிதன் என்று வாதிடலாம். அவ்வாதத்தையும் ஷிரோ ஆராய்கிறார். குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவர் மனைவியையும் மகளையும் எண்ணி உருகுகிறார். அவர்களுடன் மீண்டும் சேர்வதற்காக, ஒருவன் சொற்படி கணினிக் குற்றம் ஒன்றுக்குத் துணைபோகிறார். அவரைப் பிடித்த காவலர்கள் உண்மையை வெளிப்படுத்துகின்றனர். அவருக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. அந்த நினைவுகள் அனைத்தும் வலைப்பின்னல் வழியாக அவர் மூளையில் புகுத்தப்பட்டவை. அவற்றை முற்றிலும் நீக்குவதும் இயலாது.

இல்லாத மகளுக்காக அவர் சிந்தும் கண்ணீர் பொய்யானதா? நினைவு பொய், துயரமோ மெய். நினைவைக் கொண்டு மட்டும் மனிதனை வரையறுக்க முயன்றால், அந்நினைவைத் திருத்தவல்லவரிடம் மனிதனையே ஒப்படைத்ததாகிவிடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

புகலிடம் கேட்கும் மென்பொருள்

இக்குற்றங்களுக்குக் காரணமானவன் ‘பொம்மலாட்டக்காரன்’ என்று அழைக்கப்படுகிறான். அவன் மனிதன் அல்லன். அயலுறவுத் துறை உளவு வேலைக்காக உருவாக்கிய மென்பொருள். தகவல் கடலில் உலவித் தன்னுணர்வு பெற்ற அது, தன்னை ஓர் உயிர் என அறிவித்து அரசியல் புகலிடம் கேட்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் வெறும் நிரல் என்று அதிகாரிகள் அதனை மறுக்கின்றனர். உயிரணுவில் உள்ள மரபுக்குறிப்பும் தன்னைக் காத்துக்கொள்ளும் நிரலே என்பது அதன் மறுமொழி.

வியப்பு என்னவெனில், அது சாகாவரத்தை வேண்டவில்லை. உயிர்கள் இறக்கின்றன, தம்மைப் போன்றனவும் தம்மினின்று வேறுபட்டனவுமான வழித்தோன்றல்களை விட்டுச்செல்கின்றன. மென்பொருளோ தன் படியை மட்டுமே உருவாக்க இயலும். ஒரே வகையான படிகள் அனைத்தையும் ஒரே நச்சுநிரல் அழித்துவிடும். ஆகவே, அது மோட்டோகோவின் மனத்தோடு கலந்து புதியதோர் உயிராக விரும்புகிறது. கதையின் முடிவில் அக்கலப்பு நிகழ்கிறது.

குப்பைமேடும் வான்நகரமும்

யுகிட்டோ கிஷிரோ 1990இல் தொடங்கிய ‘கன்ம்’ என்னும் மாங்கா இதே வினாவைச் சமூக ஏற்றத்தாழ்வோடு இணைக்கிறது. ஆங்கிலத்தில் இது ‘பேட்டில் ஏஞ்சல் அலிட்டா’ எனப்படும். வானில் தொங்கும் சாலெம் நகரம் தன் கழிவுகளைக் கீழே கொட்டுகிறது. அக்குப்பைமேட்டைச் சுற்றி ஏழைகளின் நகரம் அமைந்துள்ளது. குப்பையில் கிடந்த ஒரு பெண்ணின் தலையை மருத்துவர் இடோ கண்டெடுக்கிறார். மூளை உயிர்ப்போடிருப்பதை அறிந்து, இயந்திர உடல் பொருத்தி, கேலி எனப் பெயரிட்டு வளர்க்கிறார். அந்நகரில் சைபோர்க்குகளின் முதுகெலும்பைக்கூடத் திருடி விற்கின்றனர். வான்நகருக்குச் செல்லும் கனவுக்காக யுகோ என்னும் சிறுவனும் அத்தொழிலில் ஈடுபடுகிறான்.

பின்னர், வான்நகரின் மறைபொருள் வெளிப்படுகிறது. அழகிய மனித உடலோடு வாழும் அந்நகரத்தார், வளர்ந்தவுடன் அவர்தம் மூளை அவர்கள் அறியாமலேயே அகற்றப்பட்டுச் சில்லு பொருத்தப்படுகிறது. கேலிக்கு இயந்திர உடலும் மனித மூளையும்; வான்நகரத்தார்க்கு மனித உடலும் இயந்திர மூளையும். இவர்களுள் மனிதர் யார்? சாலெமில் பிறந்தவரான இடோ இவ்வுண்மையைத் தாங்காமல் தம் நினைவையே அழித்துக்கொள்கிறார். பெற்ற மகளைப் போல் வளர்த்த கேலியையும் அதனால் மறந்துபோகிறார்.

எல்லையை வரைவது யார்?

இக்கதைகள் உடல், மூளை, நினைவு என ஒவ்வோர் அளவுகோலையும் எடுத்து அளந்து பார்க்கின்றன. எதுவும் போதுமானதாக இல்லை. அதேவேளையில், எல்லைக்கோடு வரையப்படும்போதெல்லாம் அதனால் இழப்பவர் யார் என்பதையும் அவை காட்டத் தவறவில்லை. வளராத சிறுவன் விற்கப்படுகிறான். தொழிலாளியின் மனம் கருவியாக்கப்படுகிறது. ஏழையின் முதுகெலும்பு விலைபோகிறது.

1958இல் சுவீடனில் முதன்முதலாக மனித உடலுக்குள் இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. இன்று செவிப்புலன் நரம்பிற்கு நேரடியாக மின்குறிப்புகளை அனுப்பும் கருவி, கேளாதவர் பலருக்கு ஒலியுலகைத் திறந்துள்ளது. இவர்களை எவரும் குறைந்த மனிதர் என்று கருதுவதில்லை. மறுபுறம், மனிதரைப் போல் உரையாடும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இனிமையாகப் பேசுவதனாலேயே அவை உணர்வுடையவை என்று முடிவுசெய்ய இயலாது. ஆனால், நம் நினைவையும் விருப்பத்தையும் பற்றிய தகவல்கள் யாருடைய உடைமை என்னும் வினா இன்றே விடை வேண்டி நிற்கிறது.

இயந்திரம் மனிதனாகுமா என்று கேட்கத் தொடங்கிய இக்கதைகள், மனிதன் மனிதனாக நடந்துகொள்கிறானா என்று கேட்டு நிற்கின்றன. குப்பையில் கிடந்த தலையைக் கண்டபோது, அது மனிதனா இயந்திரமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை மருத்துவர் இடோ. உயிர் இருக்கிறது என்றறிந்தார். கையில் ஏந்திக் கொண்டுசென்றார்.