கேபிள் விலை ஏறினால் படம் தெளியுமா?

நல்ல வயர் போட்டால் டிவியில் படம் நன்றாக வரும் என்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தலைமுறை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறது. 1982இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கிய பிறகு, நம் தென்கடலோர ஊர்களில் மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே டிவி முன்னால் இருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம், அப்படியே நில்லு" என்று குரல் கொடுப்பார். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் தட்டை வயர் வெயிலில் வெடித்திருந்தால் திரை முழுக்கப் புள்ளி பறக்கும். அது அனலாக் காலம். வயரில் ஓடிய மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே திரையில் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம். வழியில் எது தேய்ந்தாலும், எது வந்து ஒட்டிக்கொண்டாலும் அப்படியே படத்தில் தெரியும்.

இன்று புது டிவிக்குப் பணம் கட்டும் நேரத்தில் விற்பனையாளர் பளபளப்பான ஒரு பெட்டியை எடுத்து வைப்பது அந்தப் பழைய அனுபவத்தை நம்பித்தான். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எச்டிஎம்ஐ கேபிள், இங்கே சில ஆயிரம். உலகச் சந்தையில் லட்சத்தைத் தாண்டியவையும் உண்டு. "சார், இவ்வளவு கொடுத்து 4கே டிவி வாங்குறீங்க, சாதா கேபிள் போட்டா கலர் செத்துடும்" என்பார்.

சாகாது. அந்தக் கேபிளுக்குள் ஓடுவது படம் இல்லை, எண்கள்.

சோனி, பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் 2002 டிசம்பரில் கொண்டுவந்த ஏற்பாடு எச்டிஎம்ஐ. 4கே திரையில் 3,840 × 2,160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று எழுத 24 பிட். நொடிக்கு 60 முறை எழுத வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 1,200 கோடி பிட். குறியீட்டு முறைக்கான கூடுதல் பிட்டுகளும் இடைவெளிகளும் சேர்ந்து, கேபிளில் உண்மையில் ஓடுவது கிட்டத்தட்ட 1,800 கோடி. மூன்று ஜோடிக் கம்பிகள் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம், நொடியை 600 கோடி கூறு போட்டால் அதில் ஒன்று. அதற்குள் சிக்னல் மூன்றரை சென்டிமீட்டர் போலத்தான் நகர முடியும். ஆக, டிவிக்குப் பின்னால் தொங்கும் இரண்டு மீட்டர் கேபிளில், ஒவ்வொரு ஜோடியிலும் எப்போது பார்த்தாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட பிட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். சில நூறு ரூபாய்ச் சரக்குக்கு இது பெரிய வித்தைதான்.

ஜோடியில் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே டிவி பார்க்கிறது. வெளியிலிருந்து இரைச்சல் புகுந்தால் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும், கழித்தால் போய்விடும். அதன்பிறகு டிவி தீர்மானிக்க வேண்டியது இது பூஜ்யமா, ஒன்றா என்பதை மட்டும். புள்ளிக் கோலத்தைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான். "13 புள்ளி, இடைப்புள்ளி 7 வரை" என்பது காதில் விழுந்துவிட்டால் போதும். லைன் இரைந்தது என்பதற்காக வாசலில் கோடு மங்காது. விலை உயர்ந்த போனில் சொன்னார்கள் என்பதற்காகக் கோலம் அழகாகிவிடாது.

சிவப்பு இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால், கேபிள் லட்சக்கணக்கான பிக்சல்களில் சிவப்பின் எண்ணை மட்டும் தேடிப்பிடித்து, சரியான அளவுக்குத் திருத்த வேண்டும். அந்த எண்களோ கலைத்துப் போடப்பட்டு, பெரும்பாலும் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டோடு வருகின்றன. செம்புக் கம்பிக்கு அவ்வளவு புத்தி கிடையாது. அது தப்பு செய்தால் தப்பு அப்பட்டமாகத் தெரியும்: வெள்ளைப் பொறிகள் மின்னும், திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பும், அல்லது "சிக்னல் இல்லை" என்று வரும். வெளிறிய நிறம், லேசான மங்கல் என்ற இடைநிலையே இல்லை. மழை நேரத்தில் டிடிஎச் படம் மங்காமல் கட்டம் கட்டமாகச் சிதறுவதும் இதே டிஜிட்டல் குணம்தான்.

அப்படியானால் எந்தக் கேபிளும் போதுமா? போதாது. வேகம் கூடக் கூட, நீளம் கூடக் கூடச் சிக்னல் தேய்கிறது. 1080பி படத்துக்கு நொடிக்குச் சுமார் 450 கோடி பிட் போதும். அதைச் சுமந்த பழைய கேபிள் 4கே வந்ததும் தடுமாறலாம். 2017இல் வந்த எச்டிஎம்ஐ 2.1 தரமோ 4,800 கோடி வரை போகிறது. அந்தத் தரத்தில் இயங்கும் கருவிகள் இணைப்பைச் சோதித்துப் பார்த்து, கேபிள் தாங்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு; 120 பிரேமில் விளையாட நினைத்தவருக்கு அது நஷ்டம். ஆனால் இதற்கு மருந்து விலை இல்லை, தரச் சான்று. 4கே 60 பிரேமுக்கு "பிரீமியம் ஹை ஸ்பீட்", அதற்கு மேல் "அல்ட்ரா ஹை ஸ்பீட்" என்று முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். அதிலுள்ள கியூஆர் கோடை உரிய செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். கூடம் தாண்டி புரொஜெக்டருக்குப் பதினைந்து மீட்டர் இழுப்பவர் ஒளியிழைக் கேபிளுக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

தங்க முலாம்? தங்கம் செம்பை விடக் குறைவாகவே மின்சாரம் கடத்தும். துருப்பிடிக்காது என்பதுதான் அதன் பெருமை. உப்புக்காற்று வீசும் ஊரில் அது உதவும், மலிவான கேபிள்களிலும் அது உண்டு.

அதிகப் பணம் செலவழிக்காமல் படத்தை மேம்படுத்த வேறு வழிகள் இருக்கின்றன. எச்டி செட்டாப் பாக்ஸை இன்னமும் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் மாட்டியிருக்கும் வீடுகள் பல. அந்த மஞ்சள் வயர் பழைய அனலாக் சாலை; அதைக் கழற்றிச் சாதாரண எச்டிஎம்ஐ போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிவியிலேயே உள்ள செயலியில் நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பவருக்கோ இந்தக் கேபிளால் படத்தில் ஒரு வேலையும் இல்லை, எல்லாம் வைஃபையில் வருகிறது. கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருந்த "விவிட்" அமைப்பை "சினிமா"வுக்கு மாற்றினாலே முகங்களின் நிறம் இயல்பாகிவிடும்.

இதற்குப் பிறகும் விற்பனையாளர் விடவில்லையென்றால், ஒரே டிவியில், ஒரே படத்தை, இரண்டு கேபிளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எது எந்தக் கேபிள் என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது.