வாயில் பிறந்தவனும் வயிற்றில் சுமந்தவளும்: படைப்புக் கதைகள் வகுத்த அதிகாரம்

திருவொற்றியூர் என்னும் பெயருக்குள்ளேயே ஒரு படைப்புக் கதை இருக்கிறது. பிரளய வெள்ளம் உலகை மூடியிருந்தபோது, புதிய படைப்புத் தொடங்குவதற்காகச் சிவன் அந்நீரை ஒற்றியெடுத்த இடம் இது என்கிறது தலபுராணம். முதலில் தோன்றிய ஊர் என்பதால் ஆதிபுரி என்றும், அங்குள்ள இறைவனுக்கு ஆதிபுரீசுவரர் என்றும் பெயர். கடலைப் பின்வாங்கச் செய்த ஒருவரின் கட்டளையிலிருந்து ஊரின் வரலாறு தொடங்குவதாக அக்கதை சொல்கிறது.

அதே கடற்கரையின் மற்றொரு வரலாறு 1870களில் தொடங்குகிறது. சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. மீனவக் குப்பங்கள் வீடுகளையும் வலை உலர்த்தும் மணலையும் இழந்தன. இன்று அங்கே கருங்கல் சுவரே கரையாக நிற்கிறது. இந்த அரிப்பை ‘கடலின் சீற்றம்’ என்று சொல்லிவிட்டால், அதன் பின்னால் இருந்த மனித முடிவுகள் மறைந்துபோகும்.

படைப்புக் கதைகள் செய்யும் வேலையும் இதுவே. மனிதர் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டை, மனிதருக்கு முன்பே இருந்த ஒழுங்காக அவை காட்டுகின்றன. முதலில் தோன்றியது யார், யாரிலிருந்து யார் தோன்றினர், யாருக்குக் கட்டளையிடும் உரிமை இருந்தது என்னும் மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு படைப்புக் கதையும் விடை சொல்கிறது. அந்த விடைகளே பிற்காலத்தில் சட்டமாகவும் வழக்கமாகவும் மாறுகின்றன.

தாய் இல்லாத பிறப்பு

இந்தியச் சாதியமைப்பின் படைப்புக் கதையாக நிலைபெற்றது ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம். வேள்வியில் பலியிடப்பட்ட புருஷனின் வாய் பிராமணனாயிற்று; தோள்கள் அரசனாயின; தொடைகள் வைசியனாயின; பாதங்களிலிருந்து சூத்திரன் தோன்றினான் என்பது அதன் பகுப்பு. இந்த உடலில் எந்த உறுப்பும் ஒதுக்கப்படாதவர்கள் அவர்ணர்கள். அவர்களே பின்னர்த் தீண்டத்தகாதோர் எனப்பட்டனர். அண்ணல் அம்பேத்கர், 1946இல் வெளியான ‘சூத்திரர்கள் யார்?’ என்ற நூலில் இந்தச் சூக்தத்தை விரிவாக ஆராய்ந்தார். சமூகத்தில் வகுப்புகள் இருப்பதை எல்லாச் சமூகங்களும் அறிந்திருந்தன. அந்த ஏற்றத்தாழ்வையே மாற்றவியலாத தெய்வ இலட்சியமாக உயர்த்தியதுதான் இச்சூக்தத்தின் தனித்தன்மை என்று அவர் சுட்டினார்.

இப்பகுப்பில் மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். நால்வர்ணங்கள் பிறக்கின்றன; பெறுகின்ற தாய் இல்லை. மனுஸ்மிருதி இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. அதன் முதல் அத்தியாயத்தின் 31ஆம் சுலோகத்தில் நான்கு வர்ணங்களும் பிரம்மனின் வாய், தோள், தொடை, பாதம் ஆகியவற்றிலிருந்து தோன்றுகின்றன. அடுத்த சுலோகத்தில்தான் பிரம்மன் தன் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஆணாகவும் மறுபாதி பெண்ணாகவும் ஆகிறான். அதாவது, உலகில் பெண் தோன்றுவதற்கு முன்பே சாதி தோன்றிவிடுகிறது. கருப்பைக்கு முந்தியது வர்ணம் என்றால், கருப்பையின் கடமை அந்த வர்ணத்தைக் கலப்பில்லாமல் காப்பது மட்டுமே. அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயம் இளமையில் தந்தையும் பருவத்தில் கணவனும் முதுமையில் மகனும் பெண்ணைக் காக்க வேண்டும், அவள் தன்னுரிமைக்குத் தகுதியற்றவள் என்று விதிப்பது இந்த வரிசையின் இயல்பான விளைவு.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அகமணமே சாதியின் சாரம் என்றார் அவர். அகமணத்தைக் காக்க வேண்டுமானால் பெண்ணின் திருமணமும் பாலுறவும் கட்டுப்படுத்தப்பட வேண்டும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அந்தக் கட்டுப்பாட்டின் கருவிகளாகத் தோன்றின. சாதி மறுப்புத் திருமணம் செய்த இளைஞர்கள் இன்றும் தமிழ்நாட்டில் கொல்லப்படும்போது காவல் காக்கப்படுவது அந்தப் பழைய வரிசைதான்.

புத்தர் கேட்ட எளிய கேள்வி

இக்கதைக்கு மறுப்பு மிகப் பழைய காலத்திலேயே எழுந்தது. பாலி மொழியிலுள்ள தீக நிகாயத்தின் 27ஆவது சூத்திரமான அக்கஞ்ஞ சுத்தத்தில், பிராமணக் குடியில் பிறந்து சங்கத்தில் சேர முன்வந்த வாசெட்டர், பாரத்துவாசர் ஆகிய இருவரிடம் புத்தர் பேசுகிறார். தாங்கள் பிரம்மனின் வாயில் பிறந்தவர்கள் என்று பிராமணர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுடைய மனைவியரும் மாதவிலக்கு ஆகிறார்கள், கருவுறுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பாலூட்டுகிறார்கள் என்று அவர் நினைவூட்டுகிறார். பின்னர் அரசும் வகுப்புகளும் தோன்றியதை வேறு விதமாக விளக்குகிறார். நிலம் பங்கிடப்பட்டது, திருட்டும் சண்டையும் வந்தன, மக்கள் கூடித் தமக்குள் ஒருவரை அரசராகத் தேர்ந்தனர்.

சாதியை மறுப்பதற்குப் புத்தர் எடுத்த முதல் சான்று தாயின் உடல் என்பது குறிப்பிடத்தக்கது. வைதிகம் தீட்டு என்று விலக்கிவைத்த மாதவிலக்கும் பேறுகாலமும் இங்கே உண்மையின் சாட்சிகளாகின்றன. சாதி மறுப்பும் பெண் விடுதலையும் வெவ்வேறு கோரிக்கைகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று அரிது.

நெற்றிக்கண்ணை இழந்த ஆதிசக்தி

நாட்டார் மரபு இதிலிருந்து வேறுபட்ட கதையைச் சொல்கிறது. பம்பை, உடுக்கையோடு பாடப்படும் அம்மன் கதைகளில் முதலில் தோன்றுபவள் ஆதிபராசக்தி. அவளே பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரையும் படைக்கிறாள். தன்னை மணக்கும்படி அவள் கேட்க, தாயை மணப்பதா என்று முதல் இருவர் மறுக்கின்றனர். சிவன் இசைவதுபோல் நடித்து, அவளுடைய நெற்றிக்கண்ணைப் பரிசாகக் கேட்டுப் பெறுகிறான். பின்னர் அதே கண்ணால் அவளை எரிக்கிறான். அந்தச் சாம்பல் பங்கிடப்பட்டு மூன்று தேவியரும், ஊர்தோறும் உள்ள அம்மன்களும் உருவாகின்றனர்.

அதிகாரம் முதலில் பெண்ணிடம் இருந்தது என்பதையும், அது சூழ்ச்சியால் பறிக்கப்பட்டது என்பதையும் இக்கதை ஒப்புக்கொள்கிறது. மனுவின் கதை மறைத்ததை இது மறைக்கவில்லை. ஆயினும் கதை முடியும்போது அவள் மூன்று ஆண் தெய்வங்களின் மனைவியராகவும் ஊர் எல்லையின் காவல்காரியாகவும் சிதறிவிடுகிறாள். ஆகவே, அம்மன் வழிபாடு மிகுந்த ஊரில் பெண்ணுக்கு மதிப்பு மிகும் என்று முடிவுகட்டிவிட முடியாது. திருவொற்றியூர்க் கோயிலின் வட்டப்பாறையம்மனை ஆதிசங்கரர் சாந்தப்படுத்தினார் என்னும் கதையும் இதே திசையில் செல்வது. உக்கிரமான பெண் தெய்வம் இருக்கலாம். அவளை அடக்க ஓர் ஆண் வந்தாக வேண்டும்.

சென்னைக்கு வடமேற்கே உள்ள பெரியபாளையத்துக்கு ஆடி மாதத்தில் வடசென்னையிலிருந்து பெருந்திரளானோர் சென்று வேப்பிலை உடுத்தி வேண்டுதல் செலுத்துகின்றனர். கண்ணன் என்னும் ஆண் குழந்தையைக் காப்பதற்காக மாற்றிவைக்கப்பட்டு, கம்சனின் கையில் சிக்கிய பெண் குழந்தையே பவானியம்மன் என்பது அத்தலத்தின் கதை. ஆண் உயிருக்கு ஈடாகப் பெண் உயிர் வைக்கப்பட்டதைத் தெய்வச் செயலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

தலை ஒருத்திக்கு, உடல் ஒருத்திக்கு

ரேணுகையின் கதை சாதியையும் பாலினத்தையும் ஒரே இடத்தில் வெட்டிக் காட்டுகிறது. நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைக் கண்டு மனம் சலித்தாள் என்பதற்காக ஜமதக்னி முனிவர் தம் மனைவியைக் கொல்ல ஆணையிடுகிறார். மகன் பரசுராமன் மழுவோடு துரத்துகிறான். அவள் சேரிக்குள் ஓடி அங்கிருந்த பெண்ணைக் கட்டிக்கொள்ள, இருவர் தலையும் ஒன்றாக வெட்டுப்படுகின்றன. உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிவிடுகின்றன. முனிபத்தினியின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் சேர்ந்தவள் மாரியம்மன். கோயில்களில் அம்மன் பெரும்பாலும் தலையளவில் வைத்து வழிபடப்படுவதற்கு இக்கதையே காரணமாகச் சொல்லப்படுகிறது.

முனிவரின் மனைவிக்குப் பெயர் உண்டு, குற்றச்சாட்டு உண்டு, வரம் உண்டு. அடைக்கலம் தந்ததைத் தவிர ஒன்றும் செய்யாத சேரிப் பெண்ணுக்குப் பெரும்பாலான வடிவங்களில் பெயர்கூட இல்லை. அவளது உடல் தெய்வத்துக்கு வேண்டும். அவளது முகம் கருவறைக்கு வேண்டாம். உழைக்கும் உடலை எடுத்துக்கொண்டு, அவ்வுடலுக்குரியவளைப் புறத்தே நிறுத்தும் சமூகத்தின் துல்லியமான படம் இது.

இதை உணர்ந்தே பண்டிதர் அயோத்திதாசர் அம்மன் கதைகளை மீட்டெழுத முற்பட்டார். 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர், அம்பிகையம்மனைப் பௌத்த நெறியில் நின்று மக்களுக்கு அறம் போதித்த பெண்ணாக விளக்கினார். வெட்டுண்ட உடலிலிருந்து அன்றி, கற்றறிந்த வாழ்விலிருந்து அம்மனுக்கு வரலாறு தந்த முயற்சி அது.

கிறித்தவர்கள் நெடுங்காலமாக வாழும் இராயபுரத்தில் விவிலியத்தின் ஆதியாகமமும் ஒரு படைப்புக் கதையாகப் புழங்குகிறது. அதன் முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒருசேரக் கடவுளின் சாயலில் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்தில்தான் விலா எலும்பிலிருந்து பெண் உருவாக்கப்படுகிறாள். மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்பட்டது இரண்டாவதே. ஆதாம் முதலில் படைக்கப்பட்டான் என்ற காரணம், பெண் போதிக்கக் கூடாது என்பதற்குப் புதிய ஏற்பாட்டிலேயே காட்டப்படுகிறது. ஒரே நூலில் இரண்டு கதைகள் இருந்தும் எதை உரக்க வாசிப்பது என்பதை அதிகாரமே முடிவு செய்தது.

கதையிலிருந்து கரைக்கு

இவை பழங்கதைகள்தானே என்று ஒதுக்கிவிட இயலாது. கடலைத் தாய் என்று வணங்கும் கரையில், பெண் படகேறுவது ஆகாது என்ற விலக்கும் இருக்கிறது. காசிமேட்டில் ஏலம் எடுப்பதும் கூடை சுமப்பதும் கருவாடு உலர்த்துவதும் பெண்கள். ‘மீனவர்’ என்ற சொல் மட்டும் ஆணைக் குறிக்கிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறை மரபுவழி மீனவச் சாதியின் ஆண்களுக்கு உரியதாக நிலைபெற்றது. தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் அதில் முறை இல்லை. பிறப்பு உரிமையைத் தீர்மானிக்கும் என்ற புருஷ சூக்தத்தின் தருக்கம் இங்கே நீர்ப்பரப்பின் மீது எழுதப்பட்டிருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அரசு அறிவித்த நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று வகுக்கப்பட்டது. சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவள் குடும்பத்துக்குள் அடக்கம். பிரம்மன் பிளந்த உடலின் மறுபாதியாக, தனக்கென ஒரு கணக்கு இல்லாதவளாக அவள் நிற்கிறாள்.

மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. வாரிசு அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத் திருத்தம் 1970இல் வந்தது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2021 ஆகஸ்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக நியமிக்கப்பட்டனர். 2023இல் பெண்கள் மூவர் அர்ச்சகர் பயிற்சியை முடித்தனர். வாயில் பிறந்தவனுக்கே கருவறை என்ற கதைக்கு இதுவரை கிடைத்த வலுவான நடைமுறை மறுப்பு இதுவே.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்தத் தீ நாம் வாசிக்க வேண்டியதில்லை என்று சொல்லவில்லை. எரித்த இயக்கத்தின் தலைவர் அந்நூல்களை வரிவரியாகப் படித்தவர். ஒரு படைப்புக் கதை சொல்லப்படும் இடத்தில், அது கோயில் மண்டபமாயினும் வகுப்பறையாயினும் சங்கக் கூட்டமாயினும், நாம் கேட்க வேண்டியவை மூன்று: இதில் தாய் எங்கே? பெயரில்லாமல் விடப்பட்டவர் யார்? இக்கதையால் இன்று யாருக்கு நிலமும் நீரும் கருவறையும் கிடைக்கின்றன? இக்கேள்விகளை எழுப்பத் தொடங்கும்போது, கடவுளின் கட்டளை என்று சொல்லப்பட்டது மனிதரின் ஏற்பாடு என்பது தெரிந்துவிடுகிறது. மனிதர் செய்ததை மனிதர் மாற்ற முடியும்.