ஸ்டேட்டஸில் ஏறும் சடங்குப் பத்திரிகை

திசையன்விளைப் பக்கம் ஒரு வீட்டில் பெண்பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு என்றால், பத்திரிகை கைக்கு வருமுன்பே அதன் படம் செல்போனில் வந்துவிடுகிறது. பிள்ளையின் பெயர், முழு உருவப் படம், பெற்றோர் பெயர், ஊர், தெரு, கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். கடை வைக்கச் சென்னைக்கும் மும்பைக்கும், வேலைக்கு வளைகுடாவுக்கும் போன சொந்தங்கள் அங்கிருந்தே வாழ்த்துகிறார்கள். தாய்மாமன் சீர் வரும் காட்சி நேரலையில் ஓடுகிறது.

பிரிந்து கிடக்கும் உறவுகளைச் சமூக வலைதளங்கள்தான் சேர்த்து வைத்திருக்கின்றன என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளையிடம் யார் கேட்டார்கள்?

முக்குக்கு முக்கு பிளெக்ஸ் வைத்தபோதும் இதே விவரம்தானே என்று கேட்கலாம். பிளெக்ஸை நாலு நாளில் கழற்றிவிடுவார்கள், பார்த்தவர்களும் ஊர்க்காரர்கள். பொதுப் பக்கத்தில் போட்ட படத்தை யார் இறக்கி வைத்திருக்கிறார் என்று வீட்டாருக்குத் தெரியவே வழியில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை வயதுக்கு வந்த தேதி, முன்பின் அறியாத ஆணின் போனில் இருக்கும். போன மாதம் போட்ட பிறந்தநாள் படத்தில் பள்ளிச் சீருடையும் தெரிந்தால், அவளை வழிமறிக்க வேறு தகவலே தேவையில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம் என்கிறது சட்டம். மீறும் நிறுவனங்களுக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. காவலுக்கு நிறுத்திய பெற்றோரே கதவைத் திறந்து விட்டால், சட்டம் வெளியில்தான் நிற்கும்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டிச் சமூக வலைதளத்தில் பரப்பினார்கள். அவமானம் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அப்படி ஒட்டுவதற்குக் கொஞ்சமாவது கைப்பழக்கம் வேண்டியிருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குத் தெளிவான முகப்படம் ஒன்று போதும். சடங்குப் பத்திரிகையில் இருப்பது அப்படிப்பட்ட படம்தான்.

பாதிப்பு நேர்ந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். அதெல்லாம் நடந்த பிறகு. பத்திரிகையில் பிள்ளையின் படத்தை விட்டுவிட்டு, அழைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்பினால் எந்தச் சொந்தமும் கோபிக்காது. சீர் வரிசையும் குறையாது.