காப்பி போன்ற சோப்பு

மேசையின்மேல் ஒரு குவளைக் காப்பி. மேலே வெண்ணுரை ததும்பி நிற்கிறது. அருகில் ஒரு தட்டில் பொன்னிறமான மைசூர்ப்பாகுத் துண்டுகள் இரண்டு. எடுத்து உண்ணக் கை நீள்கிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். அவை உண்ணும் பொருள்கள் அல்ல, குளிக்கும் சோப்புகள். உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்படும் இத்தகைய வேடிக்கைச் சோப்புகளைப் பரிசுப்பொருள் கடைகளில் காணலாம். வீட்டிலேயே செய்து மகிழ்வோரும் உண்டு.

மைசூருவில் வாழும் நமக்குச் சோப்பும் இனிப்பும் ஒரே அரசரை நினைவூட்டுவன. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையலறையில் காகாசுர மாதப்பா என்பவர் முதன்முதலாக மைசூர்ப்பாகு செய்தார் என்று வழிவழியாகக் கூறுவர். அதே அரசரின் ஆட்சியில்தான் மைசூர் சந்தனச் சோப்பும் தோன்றியது. முதல் உலகப்போர் மூண்டபோது மைசூர் நாட்டுச் சந்தனக்கட்டைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய இயலவில்லை. கட்டைகள் குவிந்தன. திவான் விசுவேசுவரய்யாவின் காலமான 1916இல் சந்தன எண்ணெயை இங்கேயே வடித்தெடுக்கும் பணி தொடங்கியது. அதனைத் தொடர்ந்து பெங்களூருவில் அரசுச் சோப்புத் தொழிற்சாலை உருவாயிற்று. சோப்புத் தொழிலைக் கற்றுவர எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலார் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். விற்க முடியாத கட்டையிலிருந்து உலகறிந்த ஒரு சோப்புப் பிறந்தது.

சோப்பு எவ்வாறு உண்டாகிறது? எண்ணெயும் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் வலிய காரமும் வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. இதற்குச் சோப்பாதல் வினை என்று பெயர். அந்தக் காரம் தோலையும் கண்ணையும் அரித்துவிடக்கூடியது. ஆகவே எண்ணெயிலிருந்து சோப்புச் செய்வது சிறுவர்க்கு உரிய வேலையன்று.

உருக்கி வார்க்கும் முறையில் இத்தொல்லை இல்லை. சோப்பாதல் வினை முன்பே முடிந்துவிட்ட கட்டியைக் கடையில் வாங்குகிறோம். இதனை ‘சோப் பேஸ்’ என்பர். நாம் செய்வது உருக்குதல், நிறமும் மணமும் சேர்த்தல், அச்சில் வார்த்தல் ஆகியவை மட்டுமே. அப்படியானால் குளியலறையில் உள்ள சோப்பையே உருக்கி வார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது சீராக உருகாது. கட்டிகட்டியாகத் திரண்டு நிற்கும். சோப் பேஸில் கிளிசரின், சார்பிட்டால் போன்ற பொருள்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அவையே அதனை எளிதில் உருகச் செய்கின்றன. சோப்பின் படிகங்கள் பெரிதாக வளராமலும் தடுக்கின்றன. படிகங்கள் மிகச் சிறியனவாக இருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. கண்ணாடி போன்ற சோப்பு இவ்வாறே கிடைக்கிறது. பால்போன்ற வெண்சோப்பு வேண்டுமெனில் டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெண்பொடியைச் சேர்ப்பர்.

இனிக் காப்பிச் சோப்பைச் செய்வோம். பெரியவர் ஒருவர் உடன் இருத்தல் வேண்டும். உருகிய சோப்புத் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். வெண்ணிறச் சோப் பேஸ் 100 கிராம் எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அந்நீரில் துண்டுகள் உள்ள சிறு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் அது உருகிவிடும். கொதிக்கவிடுதல் கூடாது. கொதித்தால் நீர் ஆவியாகி, சோப்பு மஞ்சளித்துப் பிசுபிசுக்கும். உருகியதும் இறக்கி, பழுப்பு நிற அப்பிரகப் பொடியைச் சிறிது கலந்து, காகிதக் குவளையில் முக்கால் பங்கு ஊற்றுங்கள். பால், பழச்சாறு முதலிய உண்மையான உணவுப் பொருள்களைக் கலக்காதீர்கள். சில நாள்களில் சோப்புக் கெட்டுவிடும்.

நுரையே இதில் சுவையான பகுதி. நம் வீடுகளில் டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே காப்பியை ஆற்றும்போது காற்றுக் கலந்து நுரை எழுகிறது. சோப்பிலும் அதே வழிதான். தனியே உருக்கிய வெண்சோப்பை முள்கரண்டியால் விடாமல் அடித்தால் காற்றுப் புகுந்து அது பொங்கிக் கெட்டியாகும். இறுகிவிடும் முன்னர்க் காப்பியின்மேல் பரப்பிவிட வேண்டும். சில மணி நேரம் கழித்துக் காகிதத்தைக் கிழித்தால் சோப்பு தனியே வந்துவிடும்.

எலுமிச்சைச் சாறு போன்ற சோப்புக்குக் கண்ணாடிச் சோப் பேஸ் ஏற்றது. அதனை முதலில் சிறு கட்டங்கள் உள்ள தட்டில் வார்த்து ‘பனிக்கட்டி’ செய்துகொள்ள வேண்டும். பின்னர் மஞ்சள் சோப்பை ஊற்றி, அது 50 பாகை அளவுக்கு ஆறிய பிறகே அவற்றை இட வேண்டும். அவசரப்பட்டால், வெயிலில் வைத்த பனிக்கட்டிபோல அவையும் கரைந்துபோகும்! ரோஸ்மில்க் போல இரு நிற அடுக்குகள் செய்வோர் வேறொரு சிக்கலைச் சந்திப்பர். உணவு நிறங்கள் நாளடைவில் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குப் பரவி எல்லைக்கோட்டை மங்கச் செய்யும். அப்பிரகப் பொடி அவ்வாறு பரவாது.

மைசூர்ப்பாகை மட்டும் சோப்பில் முழுமையாகப் படைத்தல் அரிது. சுடச்சுட நெய் ஊற்றும்போது உண்டாகும் அந்த நுண்துளைகளை எந்த அச்சாலும் தர இயலாது. வெட்டிய துண்டின் ஓரத்தைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். எனினும் அது ஒரு குறையன்று என்பதே என் கருத்து. ஏன் என்பதைக் காண்போம்.

உங்களுக்கு இது சோப்பு என்று தெரியும். இரண்டு வயதுத் தம்பிக்குத் தெரியுமா? குழந்தைகள் ஒரு பொருளை வாயில் வைத்தே அறிகின்றனர். சோப்பை விழுங்கினால் வாயும் தொண்டையும் எரியும், வாந்தி வரலாம். கடித்த துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உணவுபோல் தோன்றி மக்களை, குறிப்பாகக் குழந்தைகளை ஏமாற்றித் தீங்கு விளைவிக்கும் பொருள்களின் விற்பனைக்கு எதிராக ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1987ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. பிரிட்டனும் 1989இல் இதற்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. தோற்றம், மணம், வடிவம், உறை ஆகிய அனைத்தையும் அவ்விதிகள் கருத்தில் கொண்டன.

ஆகவே, போலச் செய்யும்போது ஏதேனும் ஒன்றைப் போலச் செய்யாமல் விட்டுவிட வேண்டும். நான் விடச் சொல்வது மணத்தை. காப்பிச் சோப்புக்குக் காப்பி மணமோ, எலுமிச்சைச் சோப்புக்குப் பழ மணமோ வேண்டா. தோலுக்கு ஏற்ற சந்தன மணத்தை 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில் சேருங்கள். இந்நகருக்கு அதைவிடப் பொருத்தமான மணம் உண்டோ! கண் வியக்கட்டும், மூக்கு உண்மையைச் சொல்லட்டும். ஆயினும் சின்னஞ்சிறு குழந்தைக்கு மணம் மட்டும் போதிய எச்சரிக்கையாகாது. உண்மையான டம்ளரிலோ இனிப்புப் பெட்டியிலோ இச்சோப்பை வைக்காதீர்கள். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சோப்பின்மேல் வியர்வைபோல் துளிர்க்கச் செய்யும். மழைக்காலத்தில் இது மிகுதி. எனவே இறுகியவுடன் நெகிழித்தாளில் இறுகச் சுற்றி, ‘இது சோப்பு’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஒருவேளை ஒரு குழந்தை கடித்துவிட்டால், வாயில் எஞ்சியுள்ள சோப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. நுரை மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடக்கூடும். இருமலோ மூச்சுத்திணறலோ தொடர் வாந்தியோ இருப்பின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது எஞ்சிய சோப்பையும் அதன் உறையையும் உடன் எடுத்துச் சென்றால், அதில் என்னென்ன கலந்துள்ளன என்பதை மருத்துவர் அறிந்துகொள்வார்.